இரண்டாம் முறை எழுதும் தேர்வு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், 2026 ஜனவரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் போன் செய்தார். "எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் ஜெயிப்பது எப்படின்னு பத்து நிமிஷம் பேசணும்" என்றார். "சார், நான் முதல் தடவை கோட்டை விட்டவன். இரண்டாவது தடவைதான் ஏதோ தேறினேன்" என்றேன். "அப்ப அதையே பேசுங்க. ஜெயிச்சவங்க நிறைய பேர் பேசியாச்சு" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே இன்று நான் பேசப்போவது ஒரு தேர்வை இரண்டாம் முறை எழுதுவது பற்றி. நம் கல்லூரி பாஷையில் சொன்னால், அரியர் பற்றி!

அரியர் என்றதும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நானும் அந்த வரிசைதான். எனக்கு மூன்றாம் செமஸ்டர் கணக்கில் அரியர் இருந்தது. அதை எப்படி முடித்தேன்? பழைய கேள்வித்தாள்கள் பத்தை வாங்கி, திரும்பத் திரும்ப வரும் கணக்குகளை மனப்பாடம் செய்தேன். பாஸாகிவிட்டேன். அந்தப் பாஸ்தான் பிற்காலத்தில் எனக்குப் பெரிய பள்ளமாக அமைந்தது.

கல்லூரியை விட்டு வெளியேறி ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. முப்பது வயதைத் தாண்டியதும், வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஒரு வருட எம்.பி.ஏ. படிக்கலாம் என்ற ஆசை வந்தது. அதற்கு ஜிமேட் என்ற தேர்வு எழுத வேண்டும். மொத்தம் இரண்டே கால் மணி நேரம். கணக்கு 21 கேள்வி, மொழி 23 கேள்வி, தரவு அலசல் 20 கேள்வி. ஒவ்வொரு பிரிவுக்கும் 45 நிமிடம். மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை. நாம் பதில் சொல்லச் சொல்ல, அதற்கேற்ப அடுத்த கேள்வி கடினமாகவோ எளிதாகவோ வரும். ஒருவருக்கு வந்த தாள் இன்னொருவருக்கு வராது. அதாவது, என் அரியர் வித்தை இங்கே செல்லாது.

இது தெரியாமல் நண்பன் ஒருவன் 2019-இல் வாங்கிய புத்தகங்களை இரவல் வாங்கி, ஐந்து மாதம் உட்கார்ந்து படித்தேன். வடிவகணிதம் முழுவதும் போட்டேன். வாக்கியப் பிழை திருத்தம் என்ற பகுதியை உருப்போட்டேன். ஆனால் 2023 நவம்பரிலேயே புதிய ஜிமேட் வந்துவிட்டது. 2024 ஜனவரி முடிவோடு பழைய தேர்வை நிறுத்தியும்விட்டார்கள். புதியதில் வடிவகணிதக் கணக்கு கிடையாது, வாக்கியப் பிழை திருத்தமும் கிடையாது, கட்டுரையும் கிடையாது. புதிதாக வந்த தரவு அலசல் பிரிவை நான் கடைசி இரண்டு வாரத்தில்தான் திறந்து பார்த்தேன். பாடத்திட்டம் என்ன என்று பார்க்காமல் பரீட்சைக்குப் படித்த இஞ்சினியர் நான்!

2024 நவம்பரில் சென்னையில் எழுதினேன். முடிந்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிட்டது. 555. கணக்கில் 80, மொழியில் 79, தரவு அலசலில் 74. ஒரு பிரிவின் மதிப்பெண் 60-இலிருந்து 90 வரைதான் என்பதால் இந்த எண்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நான் விண்ணப்பிக்க நினைத்த இடங்களுக்கு இது போதவே போதாது. பஸ்ஸில் வரும்போது வீட்டுக்கு என்ன சொல்வது என்பதே யோசனை. தேர்வுக் கட்டணம் என் மனைவி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

அவளிடம் உண்மையைச் சொன்னேன். ஆனால் உங்களிடம் சொல்லவில்லை. போன வருடம், 2025 ஜனவரியில், இதே அரங்கத்தில், டீ கொடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி, "அண்ணா, ஜிமேட் எழுதப்போறீங்கன்னு சொன்னாங்களே, எழுதிட்டீங்களா?" என்று கேட்டான். "இன்னும் படிச்சுக்கிட்டிருக்கேன்ப்பா" என்றேன். மதிப்பெண் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "எனக்கு மூணு அரியர் அண்ணா, ஏப்ரல்ல எழுதுறேன்" என்றான். பத்தொன்பது, இருபது வயதுப் பையன் கூசாமல் சொல்கிறான். முப்பதைத் தாண்டிய நான் பொய் சொல்கிறேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேர்வு எழுதிய சூட்டோடு இன்னொரு தடவை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 16 நாள் இடைவெளி விட்டால் மறுபடி எழுதலாம். 12 மாதத்தில் ஐந்து தடவை வரை எழுதலாம் என்பது விதி. இதை வீட்டில் சொன்னபோது என் அம்மா, "பதினாறாம் நாள்னா எனக்குக் காரியம்தான் ஞாபகம் வருது. நிதானமா செய்யேம்ப்பா" என்றார்கள். மனைவி இன்னும் நேரடியாகவே கேட்டாள்: "ஏங்க, ஃபேக்டரியில மெஷின் நின்னா காரணம் தெரியாம திரும்ப சுவிட்சைப் போடுவீங்களா?"

போட மாட்டோம்! லாக் புத்தகத்தை எடுப்போம். கடைசியாக என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த பாகத்தில் என்று பார்ப்போம். ஏன், ஏன் என்று கேட்டுக் கேட்டு அடிக்காரணத்துக்குப் போவோம். பத்து வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையை என் படிப்புக்குச் செய்ய எனக்குத் தோன்றவே இல்லை.

கூடல் முடிந்த வாரமே ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கினேன். முதல் வேலையாக மதிப்பெண் அறிக்கையை எடுத்தேன். எந்த வகைக் கேள்வியில் எப்படிச் செய்தோம், நேரத்தை எப்படிச் செலவழித்தோம் என்ற விவரம் அதில் உண்டு. தரவு அலசலில் ஒரே கேள்வியில் ஆறு நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கடைசியில் மூன்று கேள்விகளைத் தொடவே இல்லை. விடையளிக்காமல் விட்ட கேள்விக்கு இந்தத் தேர்வில் மதிப்பெண் குறையும். ஒரு கேள்வியில் வீம்பு பிடித்து நாலு கேள்வியைத் தொலைத்தவன் நான்.

அடுத்து, வீட்டில் போட்டுத் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் ஒரு வரி. தேதி, கேள்வி வகை, எடுத்த நேரம், காரணம். காரணத்துக்கு நாலே நாலு தலைப்பு: பாடமே தெரியாது, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், கூட்டல் பெருக்கலில் பிழை, நேரம் போதவில்லை. இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தேன். "பாடமே தெரியாது" என்பது நாலில் ஒரு பங்குதான் இருந்தது! அதாவது, இன்னும் ஐந்து மாதம் பாடம் படித்திருந்தாலும் அந்த ஒரு பங்குதான் சரியாகியிருக்கும். பிழைகளில் பெரும்பகுதி கைக்கணக்கிலும் நேரத்திலும் இருந்தது. கணக்குப் பிரிவில் கால்குலேட்டர் கிடையாது. தரவு அலசலில் மட்டும்தான் உண்டு. பதினேழை ஆறால் பெருக்கக்கூட மொபைலைத் தேடுகிற கை என் கை.

அதன் பிறகுதான் பத்து வாரத் திட்டம் போட்டேன். முதல் இரண்டு வாரம் புதிய கேள்வி ஒன்றுகூடப் போடவில்லை; தவறியதை மட்டும் மறுபடி போட்டேன். மூன்றிலிருந்து ஆறாம் வாரம் வரை தரவு அலசலும், கால்குலேட்டர் இல்லாத கைக்கணக்கும். ஏழிலிருந்து ஒன்பது வரை கடிகாரம் வைத்துப் பயிற்சி. பத்தாம் வாரம் நோட்டை ஒருமுறை படிப்பது, நேரத்தோடு தூங்குவது, அவ்வளவுதான். தேர்வு நடத்துபவர்களே தரும் மாதிரித் தேர்வுகள் ஆறு. முதல் இரண்டு இலவசம். அவற்றை முன்பே வீணாக்கிவிட்டதால், மீதி நான்கைக் காசு கொடுத்து வாங்கி, நாலு, ஆறு, எட்டு, ஒன்பதாம் வாரங்களில் மட்டும் எழுதினேன்.

ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "தினமும் மூன்று மணி நேரம்" என்று அட்டவணை எழுதி சுவரில் ஒட்டாதீர்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் அது நடக்காது. நடக்காதபோது மனசு விட்டுப்போகும். நான் நைட் ஷிப்டில் அரை மணி நேரம் நோட்டைப் புரட்டுவது மட்டும் என்று வைத்துக்கொண்டேன். காலை ஷிப்ட் வாரத்தில் சாயங்காலம் இரண்டு மணி நேரம். திட்டம் நம் நாளைப் பார்த்து இருக்க வேண்டும், நம் ஆசையைப் பார்த்து அல்ல.

தேர்வு அறைக்கு இரண்டு விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, எந்தக் கேள்வியிலும் மூன்று நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது. ஒரு விடையைக் குறித்து, அடையாளம் வைத்துவிட்டு நகர வேண்டும். பிரிவின் கடைசியில் நேரம் இருந்தால் மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளப் புதிய தேர்வில் அனுமதி உண்டு. இரண்டு, மூன்று பிரிவுகளையும் எந்த வரிசையிலும் எழுதலாம். முதல் தடவை இஞ்சினியர் கெத்தில் கணக்கை முதலில் எடுத்தேன். இரண்டாம் தடவை மூளை சோர்வதற்கு முன் தரவு அலசலை முதலில் எழுதினேன்.

2025 ஏப்ரலில் எழுதினேன். 645. கணக்கு 83, மொழி 83, தரவு அலசல் 80.

இத்தோடு "அதன் பின் அவன் சுகமாக வாழ்ந்தான்" என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் இந்த மேடையில் இன்னொரு பொய் வேண்டாம். இரண்டு கல்வி நிறுவனங்களில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். ஒன்றில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்றில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். ரயில் டிக்கெட் மாதிரிதான், கன்ஃபர்ம் ஆனால் ஆச்சு! ஆகாவிட்டாலும் இந்த மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும்.

தம்பி தங்கைகளில் பலர் ஐ.ஐ.எம். நடத்தும் கேட் எழுதுவீர்கள். எம்.டெக். கேட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்! அது வருடத்துக்கு ஒரு தடவைதான், வழக்கமாக நவம்பரில். அங்கே இரண்டாம் முறை என்றால் முழுசாக ஒரு வருடம். ஆகவே அந்த நோட்டை முடிவு வந்த வாரமே ஆரம்பியுங்கள். நம் செமஸ்டர் அரியருக்கும் அதே நோட்டுதான். பழைய கேள்வித்தாளை மனப்பாடம் செய்தால் பேப்பர் கிளியர் ஆகும். பத்து வருடம் கழித்து அந்தப் பாடம் வேறு வேஷத்தில் வந்து நிற்கும்.

போன வருடம் டீ கொடுத்த தம்பி இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். காலையில் விசாரித்தேன். "ரெண்டு முடிஞ்சுது அண்ணா, ஒண்ணு பாக்கி" என்றான். "எனக்கும் ஒண்ணு பாக்கிதான்ப்பா" என்றேன். ஒரு வருடம் தாமதமாக அவனுக்குச் சொன்ன உண்மையான பதில் அது.

தோற்றுப்போன தேர்வைப் பற்றி நாலு பேரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும், "எங்கே விட்டே?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் இரண்டாம் முறைப் படிப்பு ஆரம்பமாகிறது.