நம் வெயிலுக்கு உரிய ரோஜா

தோட்டக்கலைப் பேராசிரியர்களையும், தாவரவியல் மாணவர்களையும், செங்கம், போளூர்ப் பக்கத்துப் பூ விவசாயிகளையும், மாட வீதிகளில் மாலை கட்டும் தொழிலாளர்களையும் ஒரே அவையில் அமர்த்திய அமைப்பாளர்களுக்கு முதலில் என் நன்றி.

“ரோஜா குளிர்ப் பிரதேசத்துச் செடி, திருவண்ணாமலை வெயிலில் நிற்காது” என்று பலரும் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. ஐரோப்பாவின் பழைய இனங்களான காலிக்கா, ஆல்பா, சென்டிஃபோலியா ஆகியவற்றுக்குக் கடுங்குளிரில் உறங்கி எழும் வழக்கம் உண்டு. அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் அவை சரியாக மொட்டு வைப்பதில்லை. சீன ரோஜாக்களும் தேயிலை ரோஜாக்களும் வேறு வகை. சீனாவின் வெப்பம் மிகுந்த பகுதிகளில் வளர்ந்த இவை இலையுதிர்த்து உறங்க வேண்டியதில்லை. நீரும் உரமும் கிடைத்தால் ஆண்டு முழுதும் துளிர்த்துப் பூக்கும். இவற்றின் கலப்பால் பிறந்த நாய்செட், போர்பன் வகைகளுக்கும் அந்தக் குணம் வந்தது. 1867-ல் பிரான்சில் ‘லா பிரான்ஸ்’ என்ற கலப்பினம் வெளிவந்தது. அதற்கு முன்பே வழக்கில் இருந்த வகைகளைத்தான் உலகம் ‘பழைய தோட்ட ரோஜாக்கள்’ என்கிறது. அவற்றில் நம் மண்ணுக்கு ஏற்றவை நான் சொன்ன இந்த நான்கு வகைகளே.

ஆனால் தள்ளுவண்டியில் நம் தெருவுக்கு வருபவை பெரும்பாலும் ஒட்டுக் கட்டிய புதுக் கலப்பினங்கள். அவை ஓசூர் போன்ற மேட்டு நிலங்களில் வளர்க்கப்படுபவை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் 200 மீட்டரைக்கூட எட்டவில்லை. அத்தகைய மேட்டு நிலத்தின் இதமான காற்றில் வளர்ந்த செடி கத்திரி வெயிலில் பாறைச் சூட்டுக்கு நடுவே வந்து நிற்கும்போது நுனியிலிருந்து கருகத் தொடங்குகிறது. மேல்செடி பட்டுப்போனபின் ஒட்டுக்குக் கீழே அடிச்செடி மட்டும் தழைக்கிறது. வீட்டுக்காரர்கள் தங்கள் கைராசியை நொந்துகொள்கிறார்கள். அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை என்று இந்த மேடையிலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

நமக்கான செடி ஏற்கெனவே நம் கொல்லையில் இருக்கிறது. மாலைக்கும் குல்கந்துக்கும் போகும் மணமுள்ள இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜாவைத்தான் சொல்கிறேன். எட்வர்டு ரோஜா என்ற பெயரிலும் அது வழங்குகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எட்வர்டு ரோஜாவையும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவையும் சமவெளிக்குப் பரிந்துரைக்கிறது. எட்வர்டு ரோஜாவின் பூர்வீகமாகச் சொல்லப்படுவது, இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் எனப்படும் போர்பன் தீவு. அங்கே குடியேறிகள் சீன ரோஜாவையும் இலையுதிர்கால டமாஸ்க் ரோஜாவையும் வேலியாக நட்டிருந்தார்கள். இரண்டும் கலந்து தானாகவே ஒரு செடி பிறந்தது. 1817-ல் அத்தீவுக்குப் போன பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரெயோன் அதைக் கண்டு பாரிசுக்கு விதை அனுப்பினார். போர்பன் என்ற வகையே அதிலிருந்து கிளைத்தது. அந்தக் காலத்தில் அத்தீவும் புதுச்சேரியும் ஒரே பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தன. புதுச்சேரி ஆவணங்களில் இந்தச் செடியின் பயணத்தைத் தேட ஓர் இளம் ஆய்வாளர் முன்வந்தால் இக்கருத்தரங்கின் பெரும்பயன் அதுவாகவே இருக்கும். நம் கிராமங்களில் பன்னீர் ரோஜா என்ற ஒரே பெயரில் வளர்பவை எல்லாம் ஒரே செடிதானா என்பதை மரபணுச் சோதனையால் தீர்க்கலாம். அந்தப் பொறுப்பு இங்குள்ள பேராசிரியர்களுடையது.

சாகுபடி குறித்து ஒரே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மேல்நாட்டு நூல்களை வைத்துக்கொண்டு நம் செடியை ஒட்ட வெட்டாதீர்கள். ரோஜா அறிஞர் பி.பி. பால் போன்ற பெரியவர்கள் டெல்லியில் வளர்த்தெடுத்த முறைகளும் அங்குள்ள குளிர்காலத்தை ஒட்டியவையே. சீன, தேயிலை ரோஜாக்கள் முதிர்ந்த தண்டில் உணவைச் சேமித்து வைக்கின்றன. அதை வெட்டினால் செடி மீண்டு வர நெடுநாளாகும். காய்ந்ததையும் குறுக்கே போனதையும் நீக்கி இலேசாகக் கவாத்து செய்தால் போதும். நம் செடிக்கு ஓய்வுக்காலம் சித்திரை, வைகாசிதான். அப்போது பூவை எதிர்பார்க்காமல், உரம் போட்டுத் துரத்தாமல், உயிரை மட்டும் காக்க வேண்டும். மேற்கு வெயிலை மறைக்க ஒரு மரநிழலும், கரையான் ஏறாமல் பார்த்துக்கொண்டு வேரடியில் பரப்பும் மல்லாட்டை ஓடும் பெரிய உதவி. வறண்ட வெயிலில் இலையடியில் செஞ்சிலந்திப் பேன் பெருகும். ஐப்பசி மழையில் கரும்புள்ளி வரும். இரண்டுக்கும் காற்றோட்டமான இடைவெளியே முதல் மருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டுச் செடியை விடத் தண்டுப் பதியனில் வேர்விட்ட செடியை நடுங்கள். மேலே கருகினாலும் அடியிலிருந்து அதே ரோஜா துளிர்க்கும்.

வெப்ப நாட்டு ரோஜாவுக்காக நம் மாநிலத்திலேயே பெரும்பணி நடந்திருக்கிறது. கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதியர் மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியாவையும், வங்கத்து நீர்க்கரைகளில் வளரும் ரோசா கிளைனோஃபில்லாவையும் பெற்றோராகக் கொண்டு புதுக் கலப்பினங்களை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்றுக்கு நம் தாவரவியல் மேதை ஈ.கே. ஜானகி அம்மாளின் பெயர். மலையில் பிறந்த அந்தச் செடிகளைச் சமவெளியில் நட்டு ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் சோதனைத் திடல் திருவண்ணாமலை மாவட்டத்தில் அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பழைய செடிகளைத் தேடிக் காப்பதற்கும் முன்மாதிரிகள் உண்டு. பெர்முடா தீவில் பெயர் தெரியாத பழைய ரோஜாக்களை, கண்டெடுத்த இடத்தின் பெயராலேயே காத்து வருகிறார்கள். ‘ஸ்மித்ஸ் பாரிஷ்’ அப்படிப்பட்ட ஒன்று. அமெரிக்காவின் டெக்சஸில் கல்லறைகளிலும் கைவிடப்பட்ட வீடுகளிலும் பராமரிப்பின்றிப் பிழைத்த செடிகளிலிருந்து ஆர்வலர்கள் துண்டு எடுத்துப் பெருக்கினார்கள். வெயிலும் வறட்சியும் தாங்கிய செடியைவிட நல்ல சான்று வேறு என்ன வேண்டும்? நமக்கும் நந்தவனங்கள் இருக்கின்றன, தேவாலய வளாகங்கள் இருக்கின்றன, பழைய ஓட்டு வீடுகளின் கிணற்றடிகள் இருக்கின்றன. அங்கே நிற்கும் செடியை ஊர்ப்பெயரோடு பதிவு செய்வோம். படம், மணம், பூக்கும் மாதம், நட்டவர் தலைமுறை, கிணற்று நீரின் உப்பு ஆகியவற்றைக் குறிப்போம். வீட்டுக்காரர் அனுமதியோடு, மழைக்காலத்தில், பென்சில் கனத்தில் மூன்று துண்டுகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வளர்ப்போம்.

இதற்கான பதிவுப் படிவத்தின் வரைவு உங்கள் கோப்பில் இருக்கிறது. பிற்பகல் அமர்வில் அதைத் திருத்தி முடிவு செய்வோம். பூ விவசாயிகள் தவறாமல் பேச வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைத்து, முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.