பென்சிலுக்கு முன்னே



நாகர்கோவில் பக்கம் தேரூரில் 1876-ல் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியார். பசுவையும் கன்றையும் பற்றி அவர் எழுதின பாட்டை, எழுத்தே தெரியாத பிள்ளைகூட ராகம் போட்டுப் பாடும். விஷயம் அதில்தான் இருக்கு. பிள்ளைக்கு எழுத்து முதலில் காது வழியாகப் போகுது. கண்ணும் கையும் பிறகுதான்.

எல்.கே.ஜி.யில் சேர்த்த மறுநாளே பென்சிலைக் கொடுத்து, 'நாலு பக்கம் அ எழுது' என்றால்? விரல் வலிக்கும். பிள்ளை அழும். பெற்றோர் கேட்கிறாங்கன்னு சில பள்ளிக்கூடங்களும் இதைத்தான் செய்யுது.

அதுக்குப் பதிலா, ராத்திரி சோறு ஊட்டும்போது ஆச்சி கேட்கட்டும். "மக்களே, இது பப்படம். 'ப'-ன்னு ஆரம்பிக்கிறது வேற என்ன இருக்கு?" பிள்ளை பனை என்னும். பழம் என்னும். ஒருநாள் சக்கை என்றும் சொல்லும். சிரிச்சுட்டு விடுங்க. காது முதலில் பழகட்டும்.

காது பழகின பிறகு கை. ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்புங்க. விரலால் 'ப' போடச் சொல்லுங்க. மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, கீழிருந்து மேலே ஒரு கோடு. தப்பாப் போனா தட்டை ஒரு குலுக்கு, அழிஞ்சிரும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதினதும் இப்படித்தான்.

'ப' வந்தாச்சா? அடுத்தது 'ட'. அப்புறம் 'ம்'. மூணையும் சேர்த்தா 'படம்'. அதை நீங்க வாசிக்காதீங்க, பிள்ளையே வாசிக்கும்.