மின்வேதியியல் ஆய்வும் கணிப்பொறி நிரலும்

 

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு புதியது. ஆனால் அதன் வேர் பழையது. 1791-இல் ஒரு கொல்லரின் மகனாக இங்கிலாந்தில் பிறந்த மைக்கேல் ஃபாரடே, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவு பெற்றார். அவர் கண்ட மின்பகுப்பு விதிகளே இன்றும் மின்வேதியியலுக்கு அடித்தளம்.

தாமிர சல்பேட்டுக் கரைசலில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் சென்றால், அவ்விதிப்படி ஏறத்தாழ 1.19 கிராம் தாமிரம் படியும். இதனைத் தாளிலேயே கணக்கிடலாம். ஆனால் ஆய்வகத்தில் மின்னோட்டம் நொடிக்கு நொடி மாறும். ஒரே சோதனையில் கருவி ஆயிரக்கணக்கான எண்களைப் பதிவு செய்யும். அங்கேதான் நிரல் தேவைப்படுகிறது.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி வேதியியலில் முதுகலை முடித்து ஆய்வுக்குச் சென்றாள். சில திங்களில் ஊர் திரும்பி, "ஐயா, வேதியியல் வருகிறது, கணிப்பொறி வரவில்லை. விலகிவிடுகிறேன்" என்று கண் கலங்கினாள். நானோ வரலாறு படித்தவன். எங்கள் பள்ளிக் கணித ஆசிரியரை அழைத்தேன். அவர் வரைபடத் தாளைக் கொடுத்து, அவளுடைய அளவீடுகளில் இருபதை மட்டும் குறிக்கச் செய்தார்; கோட்டின் கீழுள்ள கட்டங்களை எண்ணச் சொன்னார். "இந்தப் பரப்புதானே மொத்த மின்னூட்டம்!" என்றாள் அவள். "கட்டம் எண்ணும் இவ்வேலையை வரிவரியாக இயந்திரத்துக்குச் சொல்வதே நிரல்" என்றார் அவர்.

அதன் பின் பைத்தான் மொழியைக் கற்கத் தொடங்கினாள். 1991-இல் வெளிவந்த அம்மொழிக்கு விலை கிடையாது. முதலில் இருபது எண்கள், பிறகு முழுக் கோப்பு, பிறகு வரைபடம். கையால் கண்ட விடையோடு ஒத்துவந்த பின்னரே அடுத்த படிக்குச் சென்றாள். ஒவ்வாத அளவீட்டை அழிக்காமல் காரணம் தேடினாள். இன்று ஆய்வைத் தொடர்கிறாள்.

இளைஞர்களே! 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அதன் வாயில் நமக்கும் உரியது. எழுத்து மறுக்கப்பட்ட முன்னோரின் பிள்ளைகள் நாம். நிரலும் ஓர் எழுத்தே என உணர்க.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: நமது மாலைப் பள்ளியில் ஒரு கணிப்பொறியும், அதனைக் கற்பிக்க ஓர் ஆசிரியரும் வேண்டும். "விலகிவிடுகிறேன்" என்று இனி ஒரு பிள்ளையும் திரும்பி வரக் கூடாது.