கரையிலிருந்து எத்தனை மீற்றர்?



நமது கிழக்குக் கரையிலே பிறந்து வளர்ந்த முதியவர் ஒருவரிடம், "உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று முன்னாளிலே வினவியிருந்தால், "கூப்பிடு தூரந்தான்" என்றிருப்பார். மீற்றர்க் கணக்கு அவர் வாயில் வந்திராது. அக்கணக்கு அவரைத் தேடி வந்தது 2005ஆம் ஆண்டிலே.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்து வந்த சில வாரங்களுள் ஒரு விதி பிறந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் கட்டலாகாது.

கரையோரத்துக்கு விதி வகுப்பது நமக்குப் புதிதன்று. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என வகுத்தது. கட்டடங்கள் விலகி நிற்க வேண்டிய தூரத்தை 1997ஆம் ஆண்டின் திட்டம் இடத்துக்கிடம் வெவ்வேறாகக் கூறியது. அது நியாயமே. பாறைக் கரைக்கும் மணற்கரைக்கும் ஒரே அளவு பொருந்துமா? ஆனால், 2005ஆம் ஆண்டின் கோடு நிலத்தின் உயரத்தையோ, மணல் மேட்டையோ, கண்டற் காட்டையோ பார்த்து வரையப்பட்டதன்று. மாவட்டத்தைப் பார்த்து வரையப்பட்டது. தென்கரையிலே, பெரலியவில் புகையிரதத்தை அலை புரட்டிய இடம் கடலிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர். அக்கரைக்கு 100 போதும் என்றது எந்தக் கணக்கோ!

கல்முனைப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் வேலிக்கு வேலி நெருங்கிக் கிடக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பிலேதான் அத்தனை குடும்பங்களும் வாழ்கின்றன. அதிலே 200 மீற்றரை எடுத்துவிட்டால் எஞ்சுவது எவ்வளவு? வயலை நிரப்பி வீடு கட்டுவோமென்றால், அதற்கும் சட்டம் உண்டு; அடுத்த போகத்து நெல்லும் உண்டு.

கரைவலைத் தொழிலாளிக்குக் கடல் கண்ணில் பட வேண்டும். மீன்கூட்டம் வரும்போது நீரின் நிறம் மாறுவதைக் கரையில் நின்று காண்பவனே வலை வளைக்க முடியும். வள்ளமும் இயந்திரமும் வாடியிலே கிடக்க, உடையவன் உள்நாட்டிலே உறங்கினால் அவற்றுக்குக் காவல் யார்? மட்டக்களப்பிலே கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடந்த நாவலடியின் மக்கள் பலர் திராய்மடுவுக்குப் பெயர்ந்தனர். அவர்களைக் கேட்டால் இதன் பொருள் விளங்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவர் கிழக்குக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது பழைய வழக்கம். வந்தவர்க்குத் தம் ஊரிலே 100. பக்கத்து வாடிக்காரருக்கு 200. வலை மட்டும் ஒரே கடலில் விழுந்தது. சுற்றுலா விடுதிகளுக்கோ வேறு சலுகைகள் கிடைத்தன. வீடிழந்தவன் அதனைக் கண்டு மனம் புழுங்கியதில் வியப்பில்லை. பாதுகாப்புக்காக என்று கூறப்பட்டதைத் தன் காணியைப் பறிப்பதற்காக என்று அவன் கருதினான்.

முறைப்பாடுகள் பெருகின. 2005ஆம் ஆண்டு முடிவதற்குள் விதி தளர்ந்தது. 1997ஆம் ஆண்டுத் திட்டத்தைத் தழுவி இடத்துக்கேற்ற அளவுகள் மீண்டும் வந்தன. ஆனால், அதற்கிடையிலே ஏறத்தாழ ஓராண்டு கழிந்துவிட்டது. அத்தனை காலமும் அத்திவாரம் இடலாமா, கூடாதா என்று அறியாமல் மக்கள் தற்காலிகக் கொட்டில்களிலே காத்திருந்தனர்.

மருதமுனையிலே ஒரு குடியிருப்பு உண்டு. அதனை ஊரார் "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்றே அழைக்கின்றனர்.