பளபளக்கும் தாளெல்லாம் பூச்சுத் தாளா?

தாள் இறக்குமதி செய்யும் சிறு வணிகர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்கு வழவழப்பாக இருந்தாலே, சுங்கத்துறையின் கே1 பாரத்தில் 'பூச்சுத் தாள்' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். சுங்கத்துறையின் கணக்கு வேறு.

உருளைகளுக்கு இடையே அழுத்தி மெருகேற்றிய தாளும், மேலே மாவுப்பசை ஏற்றிய தாளும் பூச்சில்லாதவைதான். எழுதவும் அச்சடிக்கவும் பயன்படும் அத்தகைய தாளின் வரி எண் 4802. கயோலின் எனும் வெண்களிமண் போன்ற கனிமம் பூசியிருந்தால் 4810. நோட்டுப் புத்தகமாகத் தைத்துவிட்டால் 4820.

4802-க்குள்ளும் பிரிவுகள் உண்டு. அலுவலகங்களில் புழங்கும் 80 கிராம் ஏ4 தாள் பொதுவாக 4802.56-இல் வரும். அதற்கு எடை சதுர மீட்டருக்கு 40 முதல் 150 கிராம் வரை. ஒரு பக்கம் 435 மில்லிமீட்டரையும் மறுபக்கம் 297 மில்லிமீட்டரையும் தாண்டக்கூடாது. இயந்திரமுறைக் கூழ் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் எண் மாறிவிடும்.

எண் தவறினால் கூடுதல் வரி, அபராதம், துறைமுகத்தில் தேங்கும் கொள்கலனுக்கு வாடகை என்று லாபமே கரைந்துவிடும். ஆகவே, ஆர்டர் கொடுக்கும்போதே பூச்சு, எடை, அளவு, கூழ் ஆகிய நான்கு விவரங்களையும் ஆலையிடம் எழுத்தில் வாங்குங்கள். ஐயம் இருந்தால், சரக்கு வருமுன்பே சுங்கத்துறையிடம் வகைப்பாட்டு முடிவு கேட்டு விண்ணப்பிக்கலாம். விரல் சொல்வதை வைத்துப் பாரத்தை நிரப்பாதீர்கள்.