ஈனில்: வீட்டுத் தோட்டத்துச் சிறு பறவைகளின் கூடும் குஞ்சும்



மலேசியாவின் சுங்கை பாக்காப் என்ற இந்த ஊரில் நின்று ‘தோட்டம்’ என்று சொன்னால் யாருக்கும் முதலில் பூச்செடி நினைவுக்கு வராது. கரும்பு வரும், கித்தா என்னும் ரப்பர் வரும், செம்பனை வரும். வெல்லஸ்லி மாகாணம் என்று அப்போது பெயர் பெற்றிருந்த இந்தக் கரையில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமாரும், கீ லாய் ஹுவாட் போன்ற சீன முதலாளிகளும் கரும்புத் தோட்டம் நடத்தினார்கள். அந்தக் கரும்பை வெட்டத்தான் நம் முன்னோர் பலர் கப்பலேறினார்கள். பிறகு கரும்பு போய்க் கித்தா வந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகி நாம் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குக் குடிவந்தோம். ‘தாமான்’ என்ற மலாய்ச் சொல்லுக்கும் தோட்டம் என்றுதான் பொருள். ஆக, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வந்திருக்கிறோம். இந்தப் புதுத் தோட்டத்தின் அகலம் வாசற்படிக்கும் வேலிக்கும் நடுவே பத்தடி. அந்தப் பத்தடிக்குள் எந்தப் பறவை கூடு கட்டுகிறது, எந்த மாதத்தில், எத்தனை முட்டை, அவற்றில் எத்தனை குஞ்சு பறந்து போகிறது என்பதுதான் இன்று நாம் பேசப்போகும் பொருள்.

வீட்டுத் தோட்டத்துப் பறவைகளின் இனப்பெருக்கத்தைப் படிக்கத் தொடங்குபவர் நூல்களில் அடிக்கடி சந்திக்கும் பெயர் ‘ரென்’. கைப்பிடிக்குள் அடங்கும் பழுப்புக் குருவி. வாலை நிமிர்த்தி வைத்திருக்கும். உடம்புக்குப் பொருந்தாத பெருங்குரல். இங்கிலாந்தில் எட்வர்ட் ஆம்ஸ்ட்ராங் என்ற பாதிரியார் இந்த ஒரு குருவியை மட்டுமே பல ஆண்டுகள் கவனித்து 1955இல் முழு நூல் எழுதினார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிரென்டிஸ் பால்ட்வின் தம் வீட்டு வளாகத்திலேயே பெட்டிகள் தொங்கவிட்டு, அவற்றில் குடியேறிய ரென் குருவிகளுக்கு வளையமிட்டு, ஆண்டுக்கு ஆண்டு எது யாரோடு சேர்கிறது என்று கணக்கு வைத்தார். இருவருமே பல்கலைக்கழகத்தில் சம்பளம் வாங்கியவர்கள் அல்லர் என்பதை இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆனால் நம் நாட்டில் ரென் கிடையாது. அந்தக் குடும்பத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை; ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் வாழும் அந்த ஒன்றும் நம் தீபகற்பத்துக்கு வந்து சேரவில்லை. அதன் இடத்தை நம் வேலியோரத்தில் பிடித்திருப்பது தையல்சிட்டு. மலாய்க்காரர்கள் பெரெஞ்சாக் பீசாங் என்பார்கள். செங்கபில உச்சி, பச்சை முதுகு, நிமிர்ந்த வால். எடை பத்து கிராமுக்குள். துணிக்கொடியில் உட்கார்ந்து ஆண் குரல் கொடுத்தால் பக்கத்துத் தெருவரை கேட்கும். உறவுமுறையில் ரென்னுக்கும் இதற்கும் நெருக்கமில்லை. வாழ்க்கை முறையில்தான் இரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டுகின்றன.

ஒரு கூட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பின்புறம், குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கம், ஒரு கத்தரிச் செடி. ஒரு மார்ச் மாதம், காலை ஏழரை மணிக்கு, தையல்சிட்டுப் பெட்டை ஒரு பெரிய இலையின் அடியில் தொங்கிக்கொண்டு விளிம்பை அலகால் குத்துவதைப் பார்த்தேன். பூச்சி எடுக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். குத்திய துளை வழியாகச் சிலந்தி நூலை இழுத்தபோதுதான் புரிந்தது. அடுத்து எதிர் விளிம்பில் ஒரு துளை. கெக்காபு மரத்துப் பஞ்சைக் கொண்டுவந்து, அதை அலகால் முறுக்கி உள்ளே செலுத்தி, மறுபக்கம் போய் இழுத்தது. வெளியே வந்த நுனி பிரிந்து சிறு பஞ்சுருண்டையாக உப்பி நின்றது. அந்த உருண்டைதான் முடிச்சு. துளையை விடப் பெரிதாக இருப்பதால் நூல் பின்னால் நழுவுவதில்லை. நாம் ஊசியில் தைப்பதுபோல ஒரே நூல் ஓடுவதில்லை. ஒவ்வொரு தையலும் தனித்தனி. தகரத்தில் ஆணி அறைந்து இரண்டு பக்கமும் மடக்குவது போன்ற வேலை. 1936இல் கேசி வூட் என்ற கண் மருத்துவர் இந்தக் கூடுகளைப் பிரித்து ஆராய்ந்து, தைத்தல், ஆணியடித்தல் போன்ற வெவ்வேறு உத்திகள் இதில் கலந்திருப்பதை விளக்கினார். 1769இல் இலங்கையிலிருந்து கிடைத்த ஓவியங்களைக் கொண்டு தாமஸ் பென்னன்ட் இப்பறவையை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தபோது, கீழே கிடக்கும் காய்ந்த இலையை எடுத்துப் பச்சை இலையோடு சேர்த்துத் தைக்கிறது என்று எழுதிவிட்டார். உண்மையில் அது தைப்பது செடியிலேயே உயிரோடு நிற்கும் இலையை. இலை வாடாததால்தான் கூடு மற்ற இலைகளுக்குள் மறைந்து நிற்கிறது. பென்னன்ட் இலங்கைக்குப் போனதில்லை. ஒரு கத்தரிச் செடியின் முன் அரை மணி நேரம் நின்றிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

நான்காம் நாள் உள்ளே பஞ்சு மெத்தை தயார். பிறகு நாளுக்கு ஒன்றாக மூன்று முட்டை. அடைகாக்கத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் வாக்கில் குஞ்சு பொரித்தது. தையல் முழுவதும் பெட்டையின் வேலை. ஆண் காவலுக்குக் கத்தியது. ஆனால் குஞ்சுகளுக்குப் பச்சைப்புழு கொண்டுவருவதில் இரண்டும் சம பங்கு. இன்னும் இரண்டு வாரத்தில், ஒரு காலைப் பொழுதில், மூன்றும் செடியை விட்டுப் போயிருந்தன.

இங்கே ரென்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐரோப்பிய ரென்னில் ஆண்தான் கொத்தனார். ஒன்றல்ல, பல கூடுகளின் வெளிச்சுவரைக் கட்டி வைக்கும். பெட்டை வந்து பார்த்து, பிடித்ததைத் தேர்ந்து, உள்ளே இறகு பரப்பி முட்டையிடும். மற்றவை காலியாகக் கிடக்கும். முட்டையும் ஐந்து, ஆறு, சில சமயம் எட்டுக்கூட உண்டு. நம் தையல்சிட்டுக்கு மூன்று அல்லது நான்கு. தாழ்வாரத்து மின்கம்பியில் கூடு தொங்கவிடும் தேன்சிட்டுக்கு இரண்டே இரண்டு. ஏன் இந்த வேறுபாடு? குஞ்சுகளுக்கு ஊட்ட முடிந்த அளவுக்கே பறவை முட்டையிடும் என்பது பறவையியலாளர் டேவிட் லாக்கின் விடை. கோடையில் பகல் நீளமான நாடுகளில் இரை தேட அதிக நேரம் கிடைக்கிறது என்றார் அவர். கோஸ்டா ரிக்காவின் காட்டோரத்தில் வாழ்ந்த அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949இல் வேறு விடை சொன்னார். வெப்ப நாடுகளில் கூட்டைத் தேடி அலையும் எதிரிகள் அதிகம். தாய் இரையோடு வந்து போகும் ஒவ்வொரு முறையும் கூட்டின் இடம் வெளிப்படுகிறது. குஞ்சு குறைவாக இருந்தால் வரவும் போக்கும் குறையும். எனக்கு ஸ்கட்ச் சொன்னது நெருக்கமாகப் படுகிறது. எலி, பூனை, ஓணான், பாம்பு, காகம், செண்பகம் எல்லாம் வந்துபோகும் நம் பின்புறத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தவர் யாரும் அதை எளிதில் தள்ளிவிட மாட்டார். ஆனால் படுகிறது என்பது சான்று ஆகாது. ஒரு கூட்டுக்கு மணிக்கு எத்தனை முறை இரை வருகிறது என்று எண்ணி எழுதினால்தான் இந்த இரண்டு விடைகளையும் நம் மண்ணில் வைத்துச் சோதிக்க முடியும்.

கூட்டை ‘பறவையின் வீடு’ என்று நம் பாடநூல்களும் குழந்தைப் பாட்டுகளும் சொல்லிக் கொடுக்கின்றன. அது சரியல்ல. தையல்சிட்டு கூட்டில் வாழ்வதில்லை. இரவில் கிளையில் உறங்குகிறது. குஞ்சு போனபின் கூட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்குத் தமிழில் துல்லியமான சொல் ஏற்கெனவே இருக்கிறது. குறுந்தொகையின் 85ஆம் பாட்டில் வடம வண்ணக்கன் தாமோதரனார், கருமுதிர்ந்த பெட்டைக்காக ஆண் ஊர்க்குருவி கரும்பின் வெள்ளைப் பூவைக் கோதிச் சேர்ப்பதைச் சொல்லும்போது அந்தக் கூட்டை ‘ஈனில்’ என்கிறார். ஈனும் இல், பிள்ளை பெறும் இடம். அந்தப் பூவில் மணம் இல்லை என்பதைக்கூட அவர் கவனித்திருக்கிறார். கரும்பு வெட்ட வந்தவர்களின் வழிவந்த நாம் இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் பாட்டைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இனப்பெருக்கக் கூட்டுக்கு ‘ஈனில்’ என்ற சொல்லை நாம் மீட்டுக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். வீடு என்றால் வருடம் முழுவதும் இருக்கும் என்று நினைத்து, வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். ஈனில் இருப்பது ஒரு மாதம்தான்.

அந்த ஒரு மாதம் எந்த மாதம் என்பதில்தான் நமக்கும் அவற்றுக்கும் மோதல். தீபகற்பத்தில் சிறு பறவைகள் பெரும்பாலும் ஆண்டின் முதற்பாதியில் கூடு கட்டுகின்றன. நம் சுத்தம் செய்யும் காலமும் அதுவே: தைப்பொங்கலுக்கு முன் ஒருமுறை, சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஒருமுறை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம், புத்தாண்டு வருகிறதே என்று வேலியோர மஞ்சணத்தியை நானே கழித்துவிட்டேன். வெட்டிப்போட்ட கிளைகளைக் கட்டும்போது ஓர் இலை கனத்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே இறகு முளைக்காத நான்கு குஞ்சுகள். கிளையைத் திரும்ப மரத்தோடு சேர்த்துக் கட்டினேன். தாய் மாலைவரை சுற்றிச் சுற்றி வந்தது. இலை வாடி நிறம் மாறியதும் வரவில்லை. அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஜனவரி முதல் ஜூலை வரை எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் எடுப்பதில்லை. செடி கழிப்பதைத் தீபாவளிக்கு முந்திய மாதங்களுக்குத் தள்ளிவிட்டோம். வேலி கொஞ்சம் அடர்ந்து கிடக்கிறது. அதனால் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

தையல்சிட்டின் ஈனிலில் வேறொரு முட்டையும் சில சமயம் இருக்கும். மாலையில் துயரமாக இறங்கும் குரலில் கூவும் சிறு குயில் ஒன்று இங்கே உண்டு. மலாயில் அதன் பெயர் செவா மாத்தி ஆனாக். ‘பிள்ளை இறந்தது’ என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அது தன் முட்டையைத் தையல்சிட்டின் இலைப்பைக்குள் வைத்துவிடும். பொரித்த குயில் குஞ்சு கூட்டுக்காரரின் முட்டைகளை முதுகால் வெளியே தள்ளுகிறது. பத்து கிராம் தாய் தன்னைவிடப் பெரிய பிள்ளைக்குப் புழு ஊட்டுவதைப் பார்ப்பது கடினம். ஆனாலும் அந்தக் குஞ்சை எடுத்து எறியாதீர்கள். குயிலும் இந்தத் தோட்டத்தில் பிறந்ததுதான். அதையும் குறித்து வையுங்கள்.

இனி, குறிப்பு எடுப்பது பற்றி. செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி வைத்தார்கள். அந்த ஆந்தைகளின் முட்டையும் குஞ்சும் கவனமாக எண்ணப்பட்டன. விளைச்சலுக்கு உதவும் பறவை என்பதால் அந்தக் கணக்கு நடந்தது. வீட்டுப் பறவைக்கு அப்படிப்பட்ட ஆதரவு எளிதில் கிடைக்காது. சிங்கப்பூரில் பி. வார்டு, மிகச் சாதாரணமான மெர்பா கொண்டைக்குருவியின் ஓராண்டுச் சுழற்சியை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரையை இன்றும் படிக்கிறோம். சாதாரணப் பறவை என்று எதையும் ஒதுக்க வேண்டாம். காவல் துறை அதிகாரி கை மடோக், ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தபோது, 1943இல், மலாயாப் பறவைகளைப் பற்றிய தம் நூலை எழுதினார். நினைவும் பழக்கமும்தான் அவருக்குத் துணை. நமக்கோ கண்ணெதிரே செடி இருக்கிறது.

பள்ளிக் குழந்தைகளிடம் நான் கேட்பது நான்கு செய்திகள்தான்: எந்தச் செடி, தரையிலிருந்து எத்தனை அடி, முதல் முட்டையின் தேதி, கூடு காலியான தேதியும் காரணமும். ‘நிறைய’, ‘சில நாள்’ என்று எழுதக் கூடாது. தோல்வியுற்ற கூட்டையும் எழுத வேண்டும். அதைத்தான் நாம் மறைத்துவிடுகிறோம். கைப்பேசியில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு கடுமையான வேண்டுகோள். மறைக்கும் இலையைப் படத்துக்காக விலக்காதீர்கள். நண்பகல் வெயில் சிறு குஞ்சை விரைவில் கொன்றுவிடும். நாம் நிற்கும் இடத்தைக் காகமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. பத்தடி தள்ளி நின்று எடுத்த மங்கலான படம் எனக்குப் போதும்.

ஓர் அறிவிப்போடு முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன். இந்த மண்டபத்தின் பின்சுவரில், உடைந்த மழைநீர்க் குழாயின் வாயில், ஒரு முராய், நம் ஊர்க் குண்டுகரிச்சான், அடைகாக்கிறது. தோட்டவேலை பார்க்கும் அண்ணன் சென்ற வாரமே பார்த்துச் சொன்னார். அந்தப் பக்கம் கயிறு கட்டி வைத்திருக்கிறார். தேநீர் வழக்கமாகப் பின்தாழ்வாரத்தில் தருவார்கள். இன்றைக்கு முன்வாசலில் மேசை போட்டிருக்கிறோம். எல்லோரும் அங்கே வாருங்கள்.