சொல்லைப் பகுத்துப் பயில்வோம்

(திருப்புலிவனத்தில் வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

ஆங்கில இலக்கணமும் சொல்லாக்கமும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். விழாவிலும் இலக்கணமா என்று பின்வரிசைத் தம்பிமார் சிலர் முகம் சுளிப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. சற்றுப் பொறுத்திருங்கள்.

ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்வர். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் நம்மவர்க்கு அதனினும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. நம்மைப் பற்றியும், நம் நிலத்தைப் பற்றியும், நம் உரிமையைப் பற்றியும் எழுதப்பட்ட தாள்களுள் பெரும்பகுதி நூறாண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்திலேயே இருந்து வந்துள்ளது. பிறர் படித்துச் சொல்ல, நாம் கைகட்டிக் கேட்டு வந்தோம். அவர் சொன்னதுதான் அதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க நமக்கு வழியில்லை. அந்த வழியைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்துக்காட்டி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். அந்தக் கத்தியையே ஆங்கிலச் சொல்லின் மேலும் வையுங்கள். புதிய கருவி எதுவும் வேண்டா. நம் வாழ்வை அளந்த சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தீண்டாமை: தீண்டு என்பது பகுதி, ஆ என்பது எதிர்மறை இடைநிலை, மை என்பது தொழிற்பெயர் விகுதி. இதனையே ஆங்கிலத்தார் 'அன்டச்சபிலிட்டி' என்பர். நடுவில் நிற்கும் 'டச்', அதாவது தொடு என்பது பகுதி. அதன்பின் 'ஏபிள்' என்னும் ஒட்டுச் சேர, 'டச்சபிள்', தொடத்தக்க என்றாகும். முன்னே 'அன்' வந்து சேர்ந்தால் தொடத்தகாத என்று பொருள் மாறும். இறுதியில் 'இட்டி' வந்து அதனைப் பண்புப்பெயராக்கும். 'ஏபிள்' என்பது 'இட்டி'யோடு சேரும்போது 'அபிலிட்டி' எனத் திரிவதை விகாரம் என்று கொள்ளுங்கள்.

தமிழில் மறுப்பு வினைப்பகுதிக்குப் பின்னே வரும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் முன்னொட்டாய் முதலில் நிற்கும். ஆகவே ஆங்கிலம் படிக்கும் நம் பிள்ளைகள் சொல்லின் தலையைக் கவனியாமல் வாலையே பார்த்துப் பொருளைத் தலைகீழாகக் கொள்வதுண்டு.

இன்னொன்றும் கவனியுங்கள். தீண்டாமை என்றால் தீண்டாதிருத்தல். யார் தீண்டாதிருப்பவர்? ஒதுங்கிப் போகிறாரே, அவர். நம் மொழியின் இலக்கணப்படி அந்தச் செயலுக்கு எழுவாய் அவரே, குற்றமும் அவருடையதே. ஆங்கிலச் சொல்லிலோ 'ஏபிள்' புகுந்து, தொடத்தகாத தன்மையை நம் உடலின் மேல் ஏற்றி விடுகிறது. ஒரு விகுதி செய்யும் வேலையைப் பார்த்தீர்களா!

இனி, 1950 சனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்புக்கு வருவோம். அண்ணல் அம்பேத்கர் தலைமை தாங்கிய வரைவுக் குழுவின் கைவண்ணம் அது. இரண்டே வாக்கியங்கள். அவற்றில் 'ஏபிள்' என்னும் ஒட்டு மூன்று சொற்களில் வருகிறது. முதலாவது, நாம் பிரித்துப் பார்த்த 'அன்டச்சபிலிட்டி'. அது ஒழிக்கப்பட்டது என்கிறது முதல் வாக்கியம். இரண்டாவது 'டிஸபிலிட்டி'. இன்று அச்சொல்லைக் கேட்டால் மாற்றுத்திறனாளிகளின் நினைவே வரும்; இங்கோ அது கிணற்றுக்கும் கோயிலுக்கும் போகவிடாமல் தடுத்த சமூகத் தகுதியின்மையைக் குறிக்கிறது. மூன்றாவது 'பனிஷபிள்', தண்டிக்கத்தக்க. நம் மேல் ஏற்றப்பட்ட அதே 'ஏபிள்', உறுப்பின் இறுதியில் தீண்டாமையைச் செலுத்தியவனின் செயல்மேல் போய் அமர்கிறது! இந்த உறுப்பை இளைஞர் ஒவ்வொருவரும் மூலத்திலேயே மனப்பாடம் செய்தல் வேண்டும். 'ஷல்' என்னும் துணைவினையும் அதில் உண்டு. சட்டத்தில் 'ஷல்' என்றால் கட்டாயம். 'மே' என்றால் செய்யலாம் என்னும் இசைவு. மனு எழுதும்போது இவ்விரண்டையும் மாற்றிப் போட்டு விடாதீர்கள்.

அந்த முதல் வாக்கியத்தின் வினைகள் இரண்டும் செயப்பாட்டுவினைகள். சட்டம் பேசும்போது செய்பவரின் பெயர் வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் புகார் எழுதும்போது செயப்பாட்டுவினையை நம்பாதீர்கள். 'குடிசை கொளுத்தப்பட்டது' என்றால் கொளுத்தியவன் வாக்கியத்திலிருந்து தப்பி விடுகிறான். தில்லியிலுள்ள தேசிய ஆணையத்திற்கு ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், செய்வினையில், எழுவாயை முன்னிறுத்தி, யார் எதனைச் செய்தார் என்றே எழுதுங்கள். தமிழில் ஐ, ஆல், கு என்னும் உருபுகள் இருப்பதால் சொற்களை எப்படி மாற்றி வைத்தாலும் பொருள் பிசகாது. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே வேற்றுமை. இடம் மாறினால் அடித்தவன் அடிபட்டவனாகி விடுவான்.

நிலத்தின் கதையும் இப்படிப்பட்டதே. அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தில், அதில் நம் உத்திரமேரூர்ப் பகுதியும் அடங்கும், ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாய் 1892-இல் அரசு ஆணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று வழங்கும் நிலங்கள் அவ்வழி வந்தவை. நிபந்தனை என்ன? பத்தாண்டுகள் எவர்க்கும் விற்றலாகாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்கு விற்றலாகாது. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அரசின் ஆங்கிலத் தாள்களில் இதற்கெல்லாம் ஒவ்வொரு சொல் உண்டு. 'அசைன்' என்றால் ஒப்படை செய். 'அசைனி' என்பவர் அதனைப் பெற்றவர். 'ஏலியன்' என்றால் அயலார். 'ஏலியனேட்' என்றால் உடைமையை அயலார்க்கு மாற்று. 'ஏலியனேஷன்' அதன் தொழிற்பெயர். 'ரிசம்ப்ஷன்' என்பதற்குப் பள்ளி அகராதியில் மீண்டும் தொடங்குதல் என்றிருக்கும். வருவாய்த் துறையில் அதற்குப் பொருள் நிலத்தை அரசு திரும்பக் கைக்கொள்ளுதல். நம் நிலம் மீள்வதற்குரிய சொல் அது. அந்நிலங்களை மீட்கக் கேட்டுத் திரண்ட போராட்டத்தில்தான், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் இரையாயினர்.

'ஆர்', 'ஈ' என்னும் இரண்டு விகுதிகளை இன்றே பழகிக்கொள்ளுங்கள். 'ஆர்' செய்பவரை உணர்த்தும். 'ஈ' பெறுபவரை உணர்த்தும். 'லெஸ்ஸார்' குத்தகைக்கு விட்டவர். 'லெஸ்ஸீ' குத்தகைக்கு எடுத்தவர். அடமானப் பத்திரத்தில்தான் எல்லாரும் இடறுவர். பணம் கொடுப்பவர்தானே 'மார்ட்கேஜார்' என்று தோன்றும். அன்று. அங்கே கொடுக்கப்படுவது நிலம். நிலத்தை ஈடாகக் கொடுத்த ஏழைதான் 'மார்ட்கேஜார்', ஈட்டைப் பெற்றுக்கொண்ட செல்வர் 'மார்ட்கேஜீ'. கைந்நாட்டு வைக்கும் முன் இந்த விகுதியைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முன்னொட்டுகளில் பொறிகளும் உண்டு. எண்ணெய் லாரியின் பின்புறம் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்' மறுப்பு என்று நினைத்து, தீப்பற்றாது போலும் என்று அருகில் நின்று பீடி பற்ற வைத்து விடாதீர்கள்! எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். 'இன்வேல்யுவபிள்' என்பதும் மதிப்பற்றது அன்று. மதிப்பிட இயலாத அளவுக்கு உயர்ந்தது.

ஒரே ஓர் அடைமொழி வரலாற்றை மாற்றியதும் உண்டு. அண்மையிலுள்ள உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். குடவோலையில் பெயர் எழுத வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும் என்று அவை விதிக்கின்றன. நம் முன்னோர் பெயர் அந்தப் பானைக்குள் விழ வழியே இல்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, மதுராந்தகத்தையடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்து ஆங்கிலத்தில் வாதாடினார். 'எலெக்ட்' தேர்ந்தெடு, 'எலெக்டார்' தேர்ந்தெடுப்பவர், 'எலெக்டொரேட்' தேர்ந்தெடுப்போர் தொகுதி. அவர்கள் கேட்டது 'செப்பரேட்' எலெக்டொரேட், தனி வாக்காளர் தொகுதி. 1932 செப்டம்பரில் புனா ஒப்பந்தத்தில் கிடைத்தது 'ஜாயின்ட்' எலெக்டொரேட். இடங்கள் 71-லிருந்து 148 ஆயின. ஆனால் நம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் இறுதி வாக்கு எல்லார் கைக்கும் போயிற்று. ஓர் அடைமொழி மாறியதன் விளைவை இன்றளவும் விவாதித்து வருகிறோம்.

ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் எல்லாம் 'யூ' ஒன்றே. ஆகவே அது சாதியற்ற மொழி என்று சிலர் மகிழ்வர். எழுபது வயதுப் பெரியவரை ஊர்த்தெருச் சிறுவன் 'நீ' என்றழைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்க்கு அந்த மகிழ்ச்சி இயல்பே. ஆயினும் முழுதும் ஏமாற வேண்டா. பறையர் என்னும் நம் பெயரை எடுத்துத்தான் 'பரையா' என்றாக்கி, எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன் என்று ஆங்கில அகராதிகள் பொருள் எழுதின. சீனிவாசனோ 1893-இல் அந்தப் பெயரையே தம் இதழுக்குச் சூட்டினார்.

பயிற்சிக்கு வருகிறேன். நாள்தோறும் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குடும்பம் முழுவதையும் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்து, உரக்கப் படியுங்கள். கூச்சம் வேண்டா, தவறான ஆங்கிலத்தைக் கேட்டு நகைப்பவர் சங்கக் கட்டடத்திற்குள் இருக்கக் கூடாது என்று தலைவர் விதி செய்தால் நன்று. பாடநூலோடு நில்லாமல், வீட்டுப் பெட்டியிலுள்ள பட்டா, ஒப்படை ஆணை, வங்கிக் கடிதம் ஆகியவற்றின் நகலையும் கொண்டு வாருங்கள். கூடிப் படிப்போம்.

முதல் சொல்லை நானே தருகிறேன்: 'ரெப்ரசன்ட்'. 'ரெப்ரசன்டேட்டிவ்', 'ரெப்ரசன்டேஷன்', 'அன்ரெப்ரசன்டட்' என்று அது விரியும். 'ரெப்ரசன்டேஷன்' என்பதற்குச் சட்டமன்றத்தில் ஒரு பொருள், ஆட்சியர் அலுவலகத்தில் வேறொரு பொருள். இரண்டையும் கண்டுபிடித்து, இரண்டு வாக்கியங்கள் எழுதி, வரும் ஞாயிறு மாலை கொண்டு வாருங்கள்.